தெய்வக் குத்தமும் ஊசிக் குத்தும்

1796ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் கையில் கீறித் தடவினார். பசு அம்மை வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரியா என்று பார்க்க, சில வாரம் கழித்து அதே பையனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழையே ஏற்றினார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு இதைச் செய்தால் வைத்தியர் கம்பி எண்ணுவார். அன்றைக்குப் புகழ் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பசு அம்மை கொடுத்த மாட்டின் பெயர்கூடச் சரித்திரத்தில் இருக்கிறது: பிளாசம். அதன் தோலை லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பையனின் அம்மாவைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

வெள்ளைக்காரன் இதைக் கேட்டு உடனே கையை நீட்டிவிட்டான் என்று நினைக்காதீர்கள். 1802இல் ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அதில் அம்மை குத்திக்கொண்டவர்களின் உடம்பிலிருந்து குட்டி குட்டி மாடுகள் முளைத்து எட்டிப் பார்க்கின்றன. வாட்சப் இல்லாத காலம். பாவம், அச்சகத்தை வைத்தே சமாளித்திருக்கிறார்கள்.

அதே 1802 ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அவள்தான் முதல் ஆள். மருந்தைக் கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி கிடையாது. ஒரு பிள்ளையின் கையில் பழுத்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்கு, அதன் கையிலிருந்து அடுத்ததற்கு என்று, பிள்ளைகளின் கை வழியாகவே மருந்து சென்னைப்பட்டணம் வரை போய்ச் சேர்ந்தது. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? எடுத்த கை எந்தச் சாதிக் கை என்று விசாரித்தார்கள். பெரியம்மைக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. அக்கிரகாரத்துக்கும் போனது, சேரிக்கும் போனது.

சாதியைவிடப் பெரிய சிக்கல் ஆத்தாள். பெரியம்மை நோய் இல்லை, மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவளுக்கு வேப்பிலை வைத்து, கூழ் ஊற்றி, மூன்றாம் தண்ணீர் விட்டு வழியனுப்ப வேண்டும். கம்பெனிக்காரன் கத்தியோடு வந்து அவளைத் தடுப்பதா? தெய்வக் குத்தம் ஆகிவிடாதா?

இதைப் புரிந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். திருக்குறளுக்கு உரை எழுதியவர், சென்னைக் கலெக்டர். அவர் புள்ளிவிவரம் காட்டி யாரையும் மடக்கப் பார்க்கவில்லை. சக்தியும் தன்வந்திரியும் உட்கார்ந்து பேசிக்கொள்வதாகத் தமிழில் ஒரு புராணமே எழுதிவிட்டார். பசு அம்மை ஆத்தாளே மனமிரங்கிக் கொடுத்த வரம் என்பது அதன் சாரம். சுகாதாரப் பிரச்சாரத்துக்காகக் கள்ளப் புராணம் கட்டிய கலெக்டர்! இன்றைய அமைச்சகங்கள் ஒரு சுவரொட்டியில் நான்கு முதலெழுத்துச் சுருக்கங்களைப் போட்டு ஆளை விரட்டுவதைப் பார்க்கும்போது, எல்லிஸ் எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு வேடிக்கை. எல்லிஸ் ஊசியை விற்கப் பசுவைக் கூப்பிட்டார். இருநூறு வருஷம் கழித்து, 2021 ஜூனில், கொரோனா தடுப்பூசியான கோவேக்சின் தயாரிப்பில் கன்றுக்குட்டிச் சீரம் இருக்கிறது என்று இந்தியாவில் பெரிய ரகளை. வைரஸை வளர்க்கும் உயிரணுக்களுக்குத் தீனியாகத்தான் அது பயன்படுகிறது, கடைசி மருந்தில் இல்லை என்று அரசாங்கம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பசு அதே பசுதான். சிபாரிசுக் கடிதமாக இருந்தது குற்றச்சாட்டாகிவிட்டது.

இனி நம்ம மலாக்காவுக்கு வருவோம். இங்கே ஆத்தாள் கப்பலேறி வந்து நெடுநாளாகிறது. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் முத்துமாரியம்மன் கோயில் 1822இல் எழுந்தது. அங்கே ஏப்ரல், மே வாக்கில் நடக்கும் திருவிழாவுக்கு ஊரில் டத்தோ சாச்சார் என்று பெயர். சாச்சார் என்றால் மலாயில் பெரியம்மை. ஒரு நோய்க்கே டத்தோ பட்டம் கொடுத்த ஊர் இது. பிற்காலத்தில் எத்தனையோ பேருக்குப் பட்டம் கொடுத்தார்கள், அவர்களால் ஊருக்கு வந்த சேதத்தை இதோடு ஒப்பிட நான் தயாரில்லை.

1896இல், அதாவது ஜென்னர் கையைக் கீறி சரியாக நூறு வருஷம் கழித்து, டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில். அதோடு நம்ம கதை ஆரம்பம். பால் வெட்ட ஆள் வேண்டும். கங்காணி ஊருக்குப் போனார். ‘மலாயாவில் கித்தா மரத்தடியில் தேங்காயும் மாசியும் கிடக்கிறது’ என்ற வகையில் அளந்தார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் டிப்போ. அங்கே வரிசையில் நிற்க வைத்து, கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, கையில் அம்மை குத்தினார்கள். குத்தாவிட்டால் கப்பல் இல்லை.

இதை நன்றாகக் கவனியுங்கள். நம்ம தாத்தா பாட்டிக்கு ஊசியோடு ஏற்பட்ட முதல் உறவே இப்படித்தான். ஊசி போட்டவன் எதற்கென்று சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை, கங்காணியின் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டான். ‘ஊசியில் என்னமோ இருக்கு’ என்று அவர்கள் சந்தேகப்பட்டதைப் படிக்காதவர்களின் மூடத்தனம் என்று சிரிப்பவர்கள், அந்த வரிசையில் கொஞ்சம் நின்று பார்க்கட்டும். ஊசியில் ஒன்றும் இல்லைதான். ஊசி பிடித்த கையில் நிறைய இருந்தது.

தோட்டத்திலும் அதே கூத்து. விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் பெட்டியோடு வந்து நின்றால் பாதிக் கூட்டம் லயத்துப் பின்பக்கம் நழுவும். பெண்கள் பிள்ளைகளை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். தெய்வக் குத்தம் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இன்னொரு கணக்கு ஓடியது: கை வீங்கினால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் யார் டிரெசரா கொடுப்பார்? கடைசியில் மாரியம்மன் கோயில் வாசலிலேயே ஊசி போட்டு முடித்துக்கொள்வது எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஊசியும் போட்டாயிற்று, கூழும் ஊற்றியாயிற்று. யார் காப்பாற்றினாலும் சரி. எல்லிஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1977இல் சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரர், இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகத்தின் கடைசி ஆள் ஆனார். ஆஸ்பத்திரியிலேயே வேலை, ஆனால் ஊசி போடவில்லை. காரணம் மாடும் இல்லை, சாமியும் இல்லை, வலிக்குமே என்ற பயம். பிழைத்துக்கொண்டு, பிறகு போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 1980 மே 8ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. காஜா பெராங் திருவிழா மட்டும் நிற்கவில்லை. ஆத்தாளிடம் யாரும் ராஜினாமா கேட்கவில்லை.

பிறகு 2020, கொரோனா. மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு. சுகாதார அமைச்சராக இருந்த அதாம் பாபா தொலைக்காட்சியில் தோன்றி, வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குள் போய் அமிலத்தில் செத்துவிடும் என்றார். வைரஸ் நுரையீரலில் குடித்தனம் வைத்திருக்க, அமைச்சர் வயிற்றில் தேடினார். இலங்கையில் நிலைமை இன்னும் விசேஷம்: அங்கே சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கொரோனா போக ஆற்றில் பானை விட்டார், தம்மிக்க பாணி என்ற நாட்டுமருந்துப் பாகைக் குடித்தார், 2021 ஜனவரியில் கொரோனாவும் கண்டார். மந்திரிகள் இப்படியென்றால், சுடுதண்ணீரில் மஞ்சள் போட்ட நம்ம பாட்டிமார்களை யார் குறை சொல்வது?

2021 பிப்ரவரி 24ஆம் தேதி பிரதமர் முகிதீன் முதல் ஊசி போட்டுக்கொண்டார். நம்மவர்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் நேரம் பார்த்து, ஏப்ரல் 17ஆம் தேதி சென்னையில் நடிகர் விவேக் காலமானார். இரண்டு நாள் முன்னால்தான் மக்களுக்குத் தைரியம் கொடுக்க மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன் ஊசி போட்டிருந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு பின்னர் அறிவித்தது. அறிவிப்பு வந்தது அக்டோபரில். வதந்தி அன்று சாயங்காலமே மலாக்காவின் ஜாசினுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் மூடநம்பிக்கையைக் கிண்டலடித்த மனிதர், செத்த பிறகு அதற்கே விளம்பரமானார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றவற்றில் தாராளமாகச் சிரிக்கலாம். ஊசி போட்ட இடத்தில் இருபது சென் காசு ஒட்டும் என்றார்கள். ஒட்டியது, வேர்வையில் நெற்றியிலும் ஒட்டும். ஊசியில் சிப்பு இருக்கிறது, நீ எங்கே போகிறாய் என்று பில் கேட்ஸ் பார்ப்பார் என்றார்கள். சொன்னவர் காலையில் ரொட்டி சானாய் கடை, பிறகு கோழிக்கடை, பிறகு நான்கு நம்பர் கடை என்று ஒவ்வொரு வாசலிலும் மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் செயலியில் ஸ்கேன் பண்ணித் தன் நாள்குறிப்பைத் தானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நோபல் பரிசு பெற்ற லுக் மொந்தாஞ்யே, ஊசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்தில் சாவார்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி சுற்றியது. அப்படி அவர் சொல்லவே இல்லை. அந்தக் கெடு 2023லேயே முடிந்துவிட்டது. செய்தியை எனக்கு அனுப்பிய மாமா இப்போதெல்லாம் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ மட்டும் அனுப்புகிறார்.

அஸ்ட்ராசெனகா கதைதான் உச்சம். ரத்தம் உறையும் என்ற பயம். அது மிக அரிதாக நடந்தது உண்மை. ஆனால் பயம் அரிதாக இல்லை. ஏப்ரல் 28இல் அரசாங்கம் அதைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, ‘வேண்டுகிறவர்கள் மட்டும் பதியலாம்’ என்று தனியாக வைத்தது. மே 2ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர்க்காரர்களுக்கு இணையத்தில் திறந்தார்கள். 2,68,600 இடங்கள் சுமார் மூன்றரை மணி நேரத்தில் காலி. சும்மா கொடுத்தால் விஷம். முந்துகிறவனுக்குத்தான் என்றால் அமிர்தம். எல்லிஸுக்கே தோன்றாத யோசனை.

எங்கள் முறையும் வந்தது. மலாக்கா ஆயர் குரோ அனைத்துலக வாணிப மையத்தில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் தோட்டத்துப் பாட்டி ஒருவர், கொண்டையில் மல்லிகைக்குப் பக்கத்தில் வேப்பிலைக் கொத்து. ஊசி போடும் தாதி மிஸ்ஸி மலாயில் ஒவ்வாமை உண்டா என்று கேட்க, பேத்தி மொழிபெயர்த்தாள்.

“கத்திரிக்காயும் கருவாடும். அதோட என் மருமக.”

பேத்தி கத்திரிக்காயை மட்டும் சொன்னாள். மிஸ்ஸி இடது கையைக் கேட்டார். பாட்டி ரவிக்கைக் கையை ஏற்றினார். அங்கே பழைய அம்மை குத்திய தழும்பு, ஐம்பது சென் காசு அகலத்துக்கு.

“இது வெள்ளைக்காரன் குத்துனது. அந்தக் கை அவனோடு போகட்டும். நீ இதுல குத்து, தாயி.”

வலது கையை நீட்டினார். குத்தி முடித்த பிறகு ஊசியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அடம். வெற்று ஊசி குத்துகிறார்கள் என்று அந்த ஜூலையில்தான் காணொளிகள் பரவி, ஊசியைக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கலாம் என்று அரசாங்கமே அனுமதித்திருந்தது. தொடக்கத்தில் ஊசியில் என்னமோ இருக்கிறது என்று பயந்த ஜனம், ஆறு மாதத்தில் ஊசியில் ஒன்றுமே இல்லையோ என்று பயந்தது. முன்னேற்றம்தான்.

மிச்சம் இருந்தவர்களை விஞ்ஞானம் மாற்றவில்லை, தே தாரேக் மாற்றியது. ஆகஸ்டிலிருந்து கட்டம் கட்டமாக, இரண்டு ஊசி போட்டவர்கள் மட்டும் கடையில் உட்காரலாம் என்றார்கள். பொட்டலத்தில் டீ வாங்கிக்கொண்டு, உள்ளே சீட்டாடும் கூட்டாளிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நின்றவர்கள் எத்தனை நாள் கொள்கையோடு இருப்பார்கள்? பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுதாகப் போட்டுவிட, அக்டோபர் 11இல் மாநில எல்லை திறந்தது. நவம்பர் 4 தீபாவளி. பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நவம்பர் 20இல் மலாக்காத் தேர்தல், வேட்பாளர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மெர்லிமாவ் பக்கத்தில் செம்பனைக்காட்டு ஓரம் ஆடு வளர்க்கும் அண்ணன் ஒருவர் மட்டும் கடைசிவரை ஊசி வேண்டாம், ஐவர்மெக்டின் போதும் என்று நின்றார். கால்நடை மருந்துக் கடையில் வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலேயே 490 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். நோய் முற்றாமல் தடுக்க அது உதவவில்லை என்று 2022 பிப்ரவரியில் முடிவு வெளியானது. அண்ணன் அதைப் படிக்கவில்லை. அதற்கு முன்பே, மகள் கல்யாணத்துக்குச் சிங்கப்பூர்ச் சம்பந்தி வீட்டார் சான்றிதழ் கேட்டுவிட்டதால், இரண்டு ஊசியும் போட்டு, யாரும் கேட்காத மூன்றாவதையும் போட்டுக்கொண்டுவிட்டார். மருந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“ஆட்டுக்குக் கொடுத்துட்டேன் தம்பி. நல்ல மருந்து. பூச்சியெல்லாம் போயிடுச்சு.”