மிதக்கும் மை

கேள்வி: தண்ணீரில் மையை மிதக்கவிட்டு, காகிதத்தில் பளிங்கு டிசைன் எடுக்கப் பார்த்தேன். மை அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. என் கைராசியா, ஊர் ராசியா?
– ஒரு வாசகி, மீஞ்சூர்

பதில்: பாதி ஊர் ராசி. போர் தண்ணீரில் செய்திருப்பீர்கள். மீஞ்சூர் நிலத்தடியில் கடல் புகுந்தது பழைய கதை. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்தது. குழாய்தான் சென்னைப் பக்கம் திரும்பிக்கொண்டது. கேன் தண்ணீர் வாங்குங்கள்.

மீதிப் பாதி, தண்ணீரில் கொழகொழப்பு இல்லாதது. கடற்பாசியில் எடுக்கும் கேரஜீனன் பொடியைக் கரைத்து ஓர் இரவு விடுங்கள், நுரை அடங்கட்டும். அந்தப் பாசி நம் மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்கிறது. காகிதமோ துணியோ, முதலில் படிகாரத் தண்ணீர் பூசிக் காயவையுங்கள்; இல்லாவிட்டால் அலசும்போது டிசைனும் சேர்ந்து போய்விடும். மையைச் சொட்டி, துடைப்பத்து ஈர்க்கால் இழுங்கள். காகிதத்தை ஒரு மூலையிலிருந்து மெல்லப் படியவிடுங்கள். அவசரப்பட்டால் நடுவில் காற்று சிக்கி வெள்ளை நிலா உதிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஓவியர்கள் இந்த வித்தையில் எலும்பும் தோலுமான குதிரையையே வரவழைத்தார்கள். நீங்கள் ஒரு கர்ச்சீப்பில் தொடங்கலாம்.

பெரிய அளவு வேலை பார்க்க ஆசையா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததே! படகு, வலை, கூழைக்கடா எல்லாவற்றிலும் பிரிண்ட் விழுந்தது. படிகாரம் பூசாமலே நன்றாகப் பிடித்தது.