மனநல டாக்டரிடம் தேதி வாங்க ஆறு படிகள்

தூக்கம் போய் மூன்று மாதமா? நல்ல தொடக்கம். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

1. பெயரை வாயில் எடுக்காதீர்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானில், அந்த மனநல ஆஸ்பத்திரியை 1911இல் திறந்தார்கள். பின்னாளில் 'பஹாகியா' என்று பெயரும் மாற்றினார்கள். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். நாம் விடுவோமா? 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று ஊரையே கேலி செய்த வாயால் இப்போது தேதி கேட்பதா?

2. தோட்டத்து முனியாண்டி சாமியிடம் போங்கள். பால்மரம் போய்விட்டது, லயமும் போய்விட்டது. செம்பனைக்கு நடுவே அவர் மட்டும் இருக்கிறார். கோழி, சுருட்டு, கார் எண்ணெய் என்று கணக்குப் பார்க்காமல் செலவழியுங்கள். 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று தெரிந்ததும் பட்டியல் போடுங்கள். நாத்தனார் பெயர் முதலில் வரட்டும்.

3. இனி அரசாங்க கிளினிக். பதிவுக்கு 1 ரிங்கிட். டாக்டர் 'என்ன செய்கிறது?' என்றால் 'காஸ்ட்ரிக்' என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் தலைவலி. அதற்கடுத்த மாதம் மறுபடியும் காஸ்ட்ரிக்.

4. சந்தேகப்பட்டு 21 கேள்வி உள்ள பாரம் ஒன்றை நீட்டுவார்கள். போன வாரம் மனசு எப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை வட்டம் போட வேண்டும். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பேனா 3இன் மேல் கொஞ்ச நேரம் நிற்கும். அதை நகர்த்தி 0இல் வையுங்கள். இப்படியே 21 முறை.

5. அப்படியும் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாரா? கவுண்டரில் நீட்டினால் தேதி கொடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை! வீட்டுக்குக் கொண்டுவந்து மைலோ டின்னுக்கு அடியில் வையுங்கள். தீபாவளி போகட்டும். தைப்பூசம் போகட்டும். மகளுக்கு மாப்பிள்ளை அமையட்டும். மாப்பிள்ளை வீட்டார் மைலோ கேட்டால் தேநீர் கொடுங்கள்.

6. கடைசியில் தேதி வந்தே விட்டதா? நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்குகிற காசு. வீட்டில் 'கண் காட்டப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே தெரிந்த முகம் ஏதாவது தென்பட்டால் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்குங்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார்: பழைய லயத்தில் உங்கள் அடுத்த வீட்டுக்காரர். கேட்டால் அவரும் கண் காட்டத்தான் வந்திருப்பார். இடம் போதாது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.