கதவைச் சாத்து, கீரை வேகுது

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, நாய் குரைக்கிற தினுசிலேயே வருவது பால்காரரா, ஒரம்பரையா என்று தெரிந்துவிடும். ஒரம்பரை என்றால் இரண்டு காரியம் நடக்கும். அடுப்பில் இருக்கும் கீரைச் சட்டி மூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போய்விடும். நான் உருளைக்கிழங்கு வாங்கக் கடைக்கு ஓடுவேன். காசு கொடுத்து வாங்கியதுதான் பதார்த்தம். காட்டில் தானாக முளைத்ததை விருந்தாளிக்கு வைத்தால் ஊர் சிரிக்கும் என்பது அமுச்சியின் சட்டம்.

இத்தனைக்கும் நாங்கள் அந்தக் கீரையில்தான் வளர்ந்தோம். காங்கேயம் பக்கத்து மானாவாரி பூமி அது. புரட்டாசி மழை இறங்கிச் சோளக்காட்டில் களைவெட்டு தொடங்கினால், வேலைக்கு வந்த பெண்கள் வெட்டிய களையை அப்படியே வரப்பில் எறிய மாட்டார்கள். பண்ணை, தொய்ய, சாரணை, குமுட்டி என்று கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார்கள். அந்த மடிக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கூலிக்கு மட்டும் எல்லாரும் கணக்குப் பார்த்தார்கள்.

அமுச்சி ஒரே கீரையைச் சமைத்து நான் பார்த்ததில்லை. கசப்பதோடு சப்பென்று இருப்பதைச் சேர்ப்பார், நாரோடுவதோடு வழவழப்பைச் சேர்ப்பார். ஒரு கை பாசிப்பயறு, சின்ன வெங்காயம், சீரகம், இரண்டு தக்காளி. வெந்ததை மண்சட்டியில் மத்தால் கடைந்து, கடலெண்ணெயில் கடுகு வெடிக்க விட்டுக் கொட்டுவார். கம்பஞ்சோற்றுக் குழியில் அதை ஊற்றினால் வேறு எதுவும் வேண்டாம். ராத்திரிக்கு மட்டும் கீரை கிடையாது. ஏன் என்று கேட்டால், "ஆகாது". அவ்வளவுதான் விளக்கம்.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். தூக்குப்போசியைத் திறந்ததும் பச்சை தெரியும். "மாட்டுத்தீனி" என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தவன் தினமும் இட்லி கொண்டுவருகிறவன். மூன்று வருடம் புளியமரத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றேன்.

கல்லூரியில் சிறுபாணாற்றுப்படை பாடமாக வந்தபோதுதான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. அதில் வரும் வறிய பாணர் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறார்கள். ஆக, அமுச்சி புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எங்கள் சட்டியில் உப்பு இருந்தது. அத்தனை நூற்றாண்டில் அதுவே பெரிய முன்னேற்றம்தான்.

இப்போது கோயம்புத்தூரில் அடுக்குமாடி வாசம். வீட்டம்மாவுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு என்று பரிசோதனைத் தாள் சொல்ல, உணவு ஆலோசகர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் வரியே நாட்டுக்கீரை. வாங்கப் போன கடையில் குளிர்சாதனம் ஓடியது. கண்ணாடிப் பெட்டிக்குள் பண்ணைக்கீரை, இடுப்பில் காகிதப் பட்டை கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்போல நின்றது. ஒரு கட்டு அறுபது ரூபாய். பக்கத்திலேயே டப்பாவில் முருங்கை இலைப் பொடி. அதன் விலையைச் சொன்னால் அமுச்சி எழுந்து வந்துவிடுவார்.

மகன் இன்னும் ஒரு படி மேலே. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லி, பருப்புக்கீரையை அரைத்துக் குடிக்கிறான். ஒமேகா-3 இருக்கிறதாம். இருக்கிறதுதான். 1992-ல் ஆர்ட்டெமிஸ் சிமோபோலஸும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையில், 100 கிராம் பருப்புக்கீரையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை அந்தக் கொழுப்பு அமிலம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஆனால் அது மீனில் கிடைக்கும் வகை அல்ல. நம் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் அப்படி மாற்றிக்கொள்ளும். அதே கீரையில் ஆக்சலேட்டும் ஏராளம். சிறுநீரகக் கல் வந்த என் நண்பருக்கு, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னார் மருத்துவர். தண்ணீரோடு வைட்டமின் சி-யும் போய்விடும், கொட்டாதீர்கள் என்றார் எங்கள் ஆலோசகர். நண்பரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சமையல்காரம்மாவுக்குத் தலை சுற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது அகத்திக் கணக்குதான். அகத்தி காட்டுக்கீரை இல்லை, வெற்றிலைக் கொடிக்காலில் நட்டு வளர்ப்பது; ஆனாலும் மாட்டுத்தீனி என்ற பெயர் அதற்கும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் அகத்தியில் 1130 மில்லிகிராம் கால்சியம். 2017-ல் வந்த புது அட்டவணையில் கொஞ்சம் இளைத்து 900 சொச்சம். பசும்பாலில் ஏறக்குறைய 120. மாடு தருவதைவிட மாடு தின்பதில் ஏழெட்டு மடங்கு! அத்தனையும் உடம்பில் ஒட்டாது என்பது வேறு விஷயம். இருந்தாலும் அந்த இட்லிக்காரனைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஆலோசகர் தந்த தாளின் பின்பக்கத்தில் செய்முறை இருந்தது. இரும்பு ஒட்டுவதற்குப் புளிப்புச் சேருங்கள். கரோட்டின் ஒட்டுவதற்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். பருப்போடு சமையுங்கள். பல கீரைகளைக் கலந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதீர்கள். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் மண்சட்டியில் இருந்தது. தேநீர் எங்கள் காட்டுக்கு வந்தது பிறகுதான். ஐந்நூறு ரூபாய் கட்டணம் கட்டி, அமுச்சியின் சமையல் குறிப்பை அச்செழுத்தில் வாங்கி வந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன், அறுபது ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. சோளக்காடு இப்போது மக்காச்சோளக்காடு. விளைவதெல்லாம் பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்கு. விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிடுகிறார்கள். மண்ணில் ஒரு பச்சை தலை நீட்டுவதில்லை. களைவெட்டும் இல்லை, மடியும் இல்லை. வேலியோரம் மருந்து படாத ஒரு முழ அகலத்தில் தொய்யக்கீரை ஒண்டியிருந்தது. கிள்ளலாம் என்று குனிந்தேன். சாலையில் யாரோ வண்டியை மெதுவாக்கியதும் செருப்பு வாரைச் சரிசெய்பவன்போல நிமிர்ந்துவிட்டேன்.

சின்னம்மா வீட்டில் சாப்பாடு. தலைவாழை இலையில் காலிஃபிளவர் வறுவல், உருளைக்கிழங்குப் பொரியல், கடையில் வாங்கிய அப்பளம். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. பாசிப்பயறு, சீரகம், மத்தால் கடைந்த தொய்யக்கீரை. எப்படி மறக்கும்?

"உள்ள என்னுங் சின்னம்மா வேகுது?"

சின்னம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்தினார்.

"அது நாங்க திங்கறதுக்குக் கண்ணு. ஊருக்கு வந்த உனக்குப் போயி அதை வெக்கறதா?"