ஆயிரம் ரூபாய் மைக்கில் ஊரையே பதிவுசெய்வது எப்படி?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உங்கள் வீட்டு மாடி அறை சும்மா கிடக்கிறது. உங்களுக்கு நல்ல சாரீரம் என்று கல்யாண வீட்டில் நாலு பேர் சொல்லியும்விட்டார்கள். இதற்கு மேலும் ஸ்டுடியோ வைக்காமல் இருந்தால் அது ஊருக்குச் செய்யும் துரோகம். ஆகவே கீழ்க்கண்டபடி நடந்துகொள்ளவும்.

1. ஆள் பார்த்து அல்ல, படம் பார்த்து மைக் வாங்கவும்

பி.எம். 800 என்ற பெயரில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு இணையக் கடைகளில் கண்டென்சர் மைக் கிடைக்கும். சினிமாப் பாடகர்கள் முன்னால் தொங்குமே, அதே தோரணை. கண்டென்சரின் சவ்வு மிக மெல்லியது. ஊசி விழுந்தாலும் கேட்கும். நம் ஊரில் யாரும் ஊசி போடுவதில்லை, தறி போடுகிறார்கள். சத்திரப்பட்டிக்காரராக இருந்தால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியே தாளம் போடும். மற்றவர்களுக்கு மாவு மில்லும் பஸ் ஏர்ஹாரனும் உண்டு. பக்கவாத்தியக்காரர் சம்பளம் மிச்சம்.

நல்ல கண்டென்சர் வேண்டுமென்றால் அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க ஆடியோ இன்டர்ஃபேஸ், கூடவே எக்ஸ்.எல்.ஆர். கேபிள், ஸ்டாண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்காத மாதிரி இருந்துவிடவும்.

2. நல்ல நேரம் குறிக்கவும்

மார்கழி விடியற்காலையில் திருப்பாவை பதிவுசெய்வதே உத்தமம். ஆண்டாள் அவதரித்த ஊரில், நீங்கள் தொண்டையைச் செருமுவதற்குள் தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கி இரண்டு பாசுரம் முடித்திருக்கும். உங்கள் கண்டென்சர் இருவரையும் பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொள்ளும். ஆடிப்பூரத் தேரன்று மைக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் பாட வேண்டியதே இல்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பக்கத்து வீட்டு நாயை மறந்துவிடாதீர்கள். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. அது குரைக்காமல் நிற்பதை அதில் மட்டும்தான் பார்க்கலாம்.

3. கௌரவம் பார்க்காவிட்டால் டைனமிக்

இதெல்லாம் வேண்டாம், என் குரல் மட்டும் போதும் என்கிற சுயநலக்காரர்களுக்கு டைனமிக் மைக் இருக்கிறது. மேடையில் பார்ப்பீர்களே, உருண்டைத் தலை வைத்தது, அதுதான். சவ்வோடு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால் அவ்வளவு நுட்பமாகக் கேட்காது. ஃபான்டம் பவரும் கேட்காது. பெரிங்கர் எக்ஸ்.எம். 8500 போன்றவை சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அதுவும் ஆகாதென்றால் மைக்செட் அண்ணாச்சியிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். மைக்கேல் ஜாக்சன் 1982இல் ‘த்ரில்லர்’ பாடியது ஷூர் எஸ்.எம். 7 என்ற டைனமிக்கில்தான் என்று சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சி நம்ப மாட்டார், ஆனால் உண்மை.

ரகசியம் மைக்கில் பாதி, தூரத்தில் பாதி. வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் உங்கள் குரல் 6 டெசிபல் இறங்கும். தறிச் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு சாணுக்குள் நின்று, மைக்கின் முதுகைத் தறி இருக்கும் பக்கம் திருப்பி வையுங்கள். முதுகுப்பக்கம் அதற்குக் காது மந்தம். ‘ப’கரம் வெடித்தால் கொஞ்சம் சாய்ந்து பாடுங்கள்.

4. பால்கோவாக் கடையில் சோதிக்கவும்

1966 முதல் விற்கும் ஷூர் எஸ்.எம். 58 என்ற மேடை மைக்கை யாராவது பாதி விலைக்குத் தந்தால் ஆனந்தப்படுவதற்கு முன் ஒரு வேலை. போலிகள் ஏராளமாக உலவும் சரக்கு அது. நேரே பால்கோவாக் கடைக்குப் போய்த் தராசில் வையுங்கள். அசல் என்றால் கிட்டத்தட்ட 300 கிராம் காட்டும். கால் கிலோவும் தாராளக் கொசுறும். எடை நன்றாகக் குறைந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது பால்கோவா மட்டுமே.

5. பஞ்சுக்கு வெளியூர் போகவும்

அறைக்கு ஒட்டும் கறுப்பு ஃபோம் சதுரங்களைத் தூரதேசத்திலிருந்து வரவழையுங்கள். நூற்பாலை நகரில் இருந்துகொண்டு பஞ்சுக்கு வெளியூர் போவதில் ஒரு பெருமை இருக்கிறது. பெருமை வேண்டாதவர்கள் பாட்டியின் பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து, பக்கவாட்டில் இரண்டு ஜமுக்காளம் தொங்கவிடலாம். மெல்லிய ஃபோமைவிட அது எதிரொலியை நன்றாகவே குடிக்கும். வெளிச்சத்தத்தை மட்டும் தடுக்காது. எந்த ஃபோமும் தடுக்காது.

6. மின்வாரியத்தின் தயவை நாடவும்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மின்தடை என்று பேப்பரில் வருமல்லவா? அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை முந்தின இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள், யு.எஸ்.பி.யில் ஓடும் இன்டர்ஃபேஸ் அதன் பேட்டரியிலேயே பிழைக்கும். தறி நிற்கும், மாவு மில் நிற்கும், ஃபேன் நிற்கும், கரண்ட் இரைச்சலும் இருக்காது. அன்றைக்கு மட்டும் பி.எம். 800கூடப் பரவாயில்லை. வேர்வையில் நனைந்தபடி ஒரே மூச்சில் பாடி முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் வாங்கப் பணம் சேர்க்கிறார்களாம்.