அதை எழுதாத, தங்கச்சி

1971ல் எனக்குப் பதினொரு வயது. மலேசியாவின் சிலாங்கூரில், பாத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் லயத்தில் ஆறு வீடுகள். அந்த ஆறு வீட்டுப் பெரிய பெண்களில் ஒருவருக்கும் எழுத வராது. என் வயதுப் பெண்களைத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் என் அம்மா. அவருக்கும் எழுத வராது.

அதனால் லயத்துக்கே நான்தான் கடிதம் எழுதுகிறவள். பால் நிறுத்து, சமைத்து, குளித்து முடித்தபின் அக்காமார் ஒவ்வொருவராக நீல நிற ஆகாயத் தபாலோடு வருவார்கள். அந்தச் சமயத்தில் கடிதங்கள் நிறையப் போயின. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அக்கா போனால் தங்கை இங்கே, தாய் போனால் மகள் இங்கே. எங்கள் லயத்தில் மூன்று வீடுகள் அப்படிப் பிரிந்தவை.

கடிதத்தின் முதல் வரி எல்லோருக்கும் ஒன்று. நலம், நலமறிய ஆவல். கடைசி வரியும் ஒன்று. இவ்விடம் அனைவரும் சுகம். நடுவில் சொல்வதற்குத்தான் வந்திருப்பார்கள். முதலில் மழை, கூலி, பிள்ளையின் காய்ச்சல். பிறகு குரல் இறங்கும். புருஷன் கோலசிலாங்கூரில் இன்னொரு வீடு வைத்திருக்கிறான் என்று ஓர் அக்கா சொன்னார். வேலை வாங்கும் மண்டோர் தன்னை எட்டாத காட்டில் நிரை, அதாவது பால் வெட்டும் மர வரிசை, போட்டு அனுப்புகிறான் என்றார் இன்னொருவர். ஏன் அனுப்புகிறான் என்றும் சொன்னார். தோளில் காண்டா வாளி தூக்கி வருகையில் வயிற்றில் இருந்தது கலைந்துபோனதையும், மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனதையும் ஒரே மூச்சில் சொன்ன அக்காவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் பேனாவை வைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதை எழுதாத, தங்கச்சி. சும்மா சொன்னேன். எல்லாரும் சுகம்னு போடு."

எல்லோரும் சுகம் என்று போட்டேன்.

பெண்கள் எழுதியதைத் தேடும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. எழுதாதே என்று சொல்லப்பட்ட அந்த நடுப்பகுதியை எந்தப் பெண்ணாவது எங்காவது எழுதியிருப்பாள் என்று நம்பினேன்.

தோட்டத்துக்குத் தமிழ் நேசன் வரும். 1924ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை முதலில் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி வீட்டுக்குப் போகும். இரண்டு நாள் கழித்து மளிகைக்கடையில் சீனி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். கொட்டிய சீனியை டின்னில் போட்டுவிட்டு, தாளைத் தடவி விரித்துப் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள் என்றால் அதிர்ஷ்டம், கதை இருக்கும். கதையின் கீழே பெண் பெயர் இருந்தால் வெட்டிப் பிஸ்கெட் டின்னில் வைப்பேன். பல தடவை கதையின் பாதிதான் கிடைக்கும். மறுபாதி யாரோ ஒருவர் வீட்டில் மிளகாய் சுற்றிப் போயிருக்கும்.

ஒருநாள் பள்ளி ஆசிரியர் என் டின்னைப் பார்த்துவிட்டு, பெண் பெயரில் வருவதெல்லாம் பெண் எழுதியது என்று நம்பிவிடாதே, ஆண்களும் அப்படிப் புனைபெயர் வைத்துக்கொள்வார்கள் என்றார். தமிழ்நாட்டில் சுஜாதா என்ற பெயரில் எழுதுகிறவர் ரங்கராஜன், அது அவர் மனைவியின் பெயர் என்றும் சொன்னார். அன்று இரவு டின்னைக் கொட்டிப் பார்த்தேன். எது உண்மையான பெண் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் ந. மகேஸ்வரி, பாவை, நிர்மலா ராகவன், க. பாக்கியம் என்று இந்நாட்டுப் பெண்களின் எழுத்தைப் பெயரும் முகமும் சேர்த்து அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதிக்கு அந்த இரவுதான் காரணம்.

ஆனால் எங்கள் மாவட்டத்துத் தோட்டம் உலக இலக்கியத்தில் இடம் பிடித்துவிட்டது என்பதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே. 1917ல் அவர் தெனமாரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. பெயரைக் கவனியுங்கள், தென்னமரம். நம் ஆட்கள் வாயில் இருந்த சொல். பின்னாளில் இந்த மண்ணை வைத்து 'மலேசி' என்றொரு நாவல் எழுதினார். 1930ல் அதற்குப் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். அதில் எங்கள் ஆறு இருக்கிறது, மழை இருக்கிறது, காடு இருக்கிறது. தமிழ்ப் பெண்ணும் இருக்கிறாள். துரையின் கண்ணில் பட்ட பெண் அவள். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவள் அன்று இரவு லயத்துக்குத் திரும்பி அடுத்த வீட்டு அக்காவிடம் என்ன சொன்னாள்? அந்தப் பக்கம் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லை. படித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது.

அந்த நாவல் வருவதற்குச் சற்று முன் அரசாங்கம் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசைப் பற்றியும் ஒரு பெண் எழுதியதாக நான் எதையும் பார்த்ததில்லை.

1941ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. முன்னின்றவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றியவர். மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைக்காரர்களும் கறுப்பு வெள்ளைக்காரர்களும் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கறுப்பு வெள்ளைக்காரர் என்பது கிராணிகளைச் சொன்னது.

அந்த வரியை முதலில் படித்த நாளில் எங்கள் லயத்து அக்கா நிரை பற்றிச் சொன்னது காதில் கேட்டது. முப்பது வருஷ இடைவெளி. அதே விஷயம். 1941ல் அது கோரிக்கையாக ஏறும் அளவுக்குப் பெண்கள் யாரிடமோ வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். மரத்தடியிலா, ஆற்றங்கரையிலா, புருஷனிடமா, எங்கே சொன்னார்கள்? சொன்னது ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. சொன்னவர்கள் பெயர் இல்லை. இரண்டே வருஷம் கழித்து, 1943ல், இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பெண்கள் போய்த் துப்பாக்கி ஏந்தினார்கள். கேப்டன் லட்சுமியும் ஜானகி ஆதி நாகப்பனும் ராசம்மா பூபாலனும் நமக்குப் பெயராகத் தெரிகிறார்கள். ராசம்மா பின்னாளில், 1960ல், ஆசிரியைகளின் சங்கத்தை அமைத்துச் சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடியவர். அவர்கள்மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. பால் உளியை வைத்துவிட்டு அந்தப் படையில் சேர்ந்த பெண்ணின் நினைவுக் குறிப்பைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் தேடியது எனக்குக் கிடைத்தது இலங்கையிலிருந்து. தொண்ணூறுகளில் ஒரு தோழி நகல் எடுத்த தாள்களை நூலால் கட்டிக் கொடுத்தார். 1986ல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. தலைப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்: 'சொல்லாத சேதிகள்'. ஆகாயத் தபாலில் நான் எழுதாமல் விட்டதற்கெல்லாம் யாரோ கடல் கடந்து பெயர் வைத்தது போலிருந்தது. பின்னால் தமிழ்நாட்டின் அம்பையைப் படித்தேன். 2007ல் பெண்கள் தளமான ஊடறு வெளியிட்ட 'இசை பிழியப்பட்ட வீணை' கைக்கு வந்தது. இலங்கை மலையகப் பெண்களின் கவிதைகள். தேயிலைக் கொழுந்துக் கூடைக்கும் ரப்பர் பால் வாளிக்கும் தூரம் அதிகமில்லை. அவர்களுக்கு முன்பே, 1930களிலும் 40களிலும் மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களுக்குத் தானே பாட்டு எழுதிப் பாடியிருக்கிறார், அச்சிட்டும் கொடுத்திருக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் என் அக்காமார் கடிதம் எழுதவேண்டிய முகவரியே வேறாக இருந்திருக்கும்.

எண்பதுகளிலிருந்து இங்கேயும் சில மாறின. 1976ல் இயற்றிய திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவருக்கு ஒரு மனைவிதான், பதிவு செய்தே ஆகவேண்டும் என்றது. கோலசிலாங்கூரில் இன்னொரு வீடு வைத்திருந்தவரின் மனைவி அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இறந்துவிட்டார். குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல் வந்தது.

இன்று அந்தப் பக்கம் போனால் உங்களுக்கு எங்கள் ரப்பர் தோட்டம் தெரியாது. பாத்தாங் பெர்ஜுந்தை 2007ல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. சிலாங்கூர் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை. பக்கத்துத் தோட்டங்கள் சில தாமான் என்னும் குடியிருப்புகளாகிவிட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், தெனமாரம், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீடு கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் நடந்தார்கள். மனு கொடுக்கும் படங்களில் முன் வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். பதாகையில் இருக்கும் வாசகத்தை எழுதியது யார் என்று மட்டும் படத்தில் தெரியாது.

இப்போது பெண்கள் எழுதியதைப் படிக்க நான் மளிகைத் தாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தலையணை பக்கத்தில் கைப்பேசி இருக்கிறது. என் மகள் வயதுப் பெண்கள் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். அப்பாவின் குடி, மாப்பிள்ளை வீட்டார் நாசூக்காக விசாரிக்கும் சாதி, மாதவிடாய், பிள்ளை வேண்டாம் என்ற முடிவு, வேண்டி வந்த மணமுறிவு. நடுவில் மலாய்ச் சொல் தடையில்லாமல் வந்துபோகும். யாரும் பெயரை மறைப்பதில்லை. நள்ளிரவுவரை படிக்கிறேன். அவர்களை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் தாமானில் பிறந்தவர்கள். பெரட்டு என்றால் பலருக்குத் தெரியாது. எழுதத் துணிந்த தலைமுறை வந்தபோது எழுதவேண்டிய இடம் போய்விட்டது. இடத்தைப் பார்த்தவர்கள் எழுபது வயதில், அடுக்குமாடி வீட்டில், பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் சனிக்கிழமைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். மறுபடியும் கடிதம் எழுதுகிறவள் ஆகிவிட்டேன்.

அவர்களில் பாதிப்பேர் செம்பனைக் காட்டில் மருந்து அடித்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வந்தபோது அந்த வேலை பெண்களிடம்தான் வந்தது. களைக்கொல்லி நிரப்பிய பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க. தெனகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் சேர்ந்து தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களை ஆராய்ந்து 2002ல் அறிக்கை வெளியிட்டன. மூக்கில் ரத்தம், நகம் நிறம் மாறி விழுவது, தோல் புண், கண் எரிச்சல் எல்லாம் அதில் பதிவாயின. தெனகனித்தாவை 1991ல் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். புலம்பெயர் தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களில் நடக்கும் கொடுமைகளை 1995ல் எழுதி வெளியிட்டதற்காக அவர்மீது பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குப் போட்டார்கள். 2003ல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு, 2008ல்தான் விடுதலை. ஒரு பெண் எழுதியதற்கு இந்நாட்டில் கொடுத்த விலை அது. அந்தப் பெண்கள் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2002ல் தடை அறிவித்தார்கள், 2006ல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1ல்தான் முழுதாக நிறுத்தினார்கள்.

2002 அறிக்கையில் பெண்கள் 'ஒரு தொழிலாளி' என்று வருகிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்த காலம் அது, வேறு வழியில்லை. இப்போது பறிபோக வேலை இல்லை. அதனால் நான் அவர்கள் பெயரோடு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள், வற்புறுத்துவதில்லை.

போன மாதம் ஓர் அக்காவிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபத்து மூன்று வயது. வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் சரியாக வளரவில்லை. பம்பு முதுகில் ஒழுகியது, மதியச் சோற்றை அதே கையால் சாப்பிட்டது, இரண்டாவது பிள்ளை தங்காமல் போனது எல்லாம் சொன்னார். குரல் இறங்கியபோது நான் பழக்கத்தில் பேனாவை நிறுத்தினேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக்காட்டு என்றார்.

படித்தேன். "இருபத்திரண்டு வருஷம் மருந்து அடித்தேன்" என்ற இடத்தில் கையைக் காட்டி மறித்தார்.

"மருந்துன்னு போட்டிருக்க. அது கிராணி சொன்ன பேரு, நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். அடிச்சிட்டு விஷம்னு போடு, தங்கச்சி."

அடித்துவிட்டு, மேலே விஷம் என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் மருந்து என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் திருத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.