தண்டனையைப் பங்கு போடுங்கள்

“டூரிஸ்ட்டா போ தம்பி, அங்க போய் பெர்மிட்டா மாத்திக்கலாம்.” திருச்சி வட்டாரத்தில் இந்த ஒரே வாக்கியத்தை விற்று மாடி வீடு கட்டியவர்கள் உண்டு. சரக்கு வேண்டாம், கிடங்கு வேண்டாம். வாயும், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையும் போதும்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து 30 நாள் சுற்றிப் பார்க்கலாம் என்றது மலேசிய அரசு. ஏஜென்டுகளுக்கு அன்றுதான் தீபாவளி. தேவையே இல்லாத விசாவுக்குக் கட்டணம் வாங்கும் வித்தை வேறு எந்தத் தொழிலில் உண்டு? இப்படிப் போகும் சுற்றுலாப் பயணி இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. இறங்கியதும் நேரே ஓட்டல் பின்கட்டு, எச்சில் தட்டு.

அவன் தட்டைத் தொட்ட முதல் நாளே விதிமீறல். 31-ஆம் நாள் அதோடு இன்னொரு குற்றமும் சேரும். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திரும்பி வரலாமென்றால் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் “பத்திரமாக” இருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் ரெய்டு வரும்போது லாரியில் ஏறுபவன் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவன்.

நம் ஊர்ச் சட்டம் என்ன குறைந்ததா? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பத்தாவது தேறாதவர் மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும். படிக்காதவனைக் காக்கத்தான் இத்தனை வேலியும். “வேலைக்கில்லை, ஊர் பார்க்க” என்று சொல்லி ரிட்டர்ன் டிக்கெட்டை நீட்டினால் அந்த வேலி தானாகவே விலகி வழிவிடும்.

அந்தப் பக்கமும் ஆள் உண்டு. கோலாலம்பூர் விமான நிலையத்தில் குறிப்பிட்ட வரிசையில் நின்றால் கேள்வியின்றி முத்திரை விழும். “கவுண்டர் செட்டிங்” என்று அதற்குப் பெயர். 2024-இல் அந்நாட்டு ஊழல் தடுப்பு ஆணையம் குடிநுழைவு அதிகாரிகள் பலரை இதற்காகக் கைது செய்தது.

ஆகவே ஒரு யோசனை. இத்தனை பேர் கூடிச் செய்த குற்றத்துக்குத் தண்டனை மட்டும் எதற்கு ஒருவனுக்கு? லாபத்தில் என்ன விகிதமோ தண்டனையிலும் அதே விகிதம் வைப்போம். சிறைவாசத்தில் பெரும்பகுதி ஏஜென்டுக்கு. அபராதம் முதலாளிக்கு. கறுப்புப் பட்டியலில் முத்திரை குத்திய அதிகாரியின் பெயர் முதலில் வரட்டும். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவனுக்கு ஆறு பிரம்படி வரை மலேசியச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் பெர்மிட் இல்லாதவர்களை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் அதே ஆறு அடி அதே சட்டத்தில் இருக்கிறது. வரிசையில் யார் யார் நிற்கிறார்கள், பார்ப்போம்.

நடப்பதோ வேறு. நாடு கடத்தப்பட்டவன் மறுபடி உள்ளே போக முடியாது. ஏஜென்டுக்கு எந்த நாட்டிலும் தடையில்லை. புகார் வந்தால் போர்டில் முருகன் போய் விநாயகர் வருவார், அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கிய பணத்தைத் தொலைத்தவனைப் பார்த்து “விவரங்கெட்டவன்” என்று உச்சுக்கொட்டும் படித்த கூட்டம் ஒன்றும் நம்மிடையே இருக்கிறது. விவரம் உள்ளவர்கள் சேர்ந்து கட்டிய பொறி இது என்பது அவர்கள் காதில் ஏறாது.

கிளம்பும் தம்பிக்கு: ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தேடு. வேலை ஒப்பந்தமும் வேலை விசாவும் கையில் வராமல் பணம் கட்டாதே. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வை. “அங்க போய் மாத்திக்கலாம்” என்று ஏஜென்ட் ஆரம்பித்தால், அதையே லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். அன்றைக்கென்று பார்த்து அந்த ஆபீசில் ஒரு பேனாகூட இருக்காது.