கும்மியடித்து ஊரைச் சேர்ப்பது எப்படி?

ஊரில் இரண்டு கட்சி, நாலு சாதி, தீராத ஒரு வாய்க்கால் தகராறு. பஞ்சாயத்துப் பேசிப் பேசி எல்லாருக்கும் அலுத்துவிட்டதா? கவலையே வேண்டாமுங்க. கொங்கு மண்ணில் இப்போது இதற்கெல்லாம் கைவசம் உள்ள மருந்து வள்ளி கும்மி.

முதல் வேலை ஃபிளெக்ஸ். ஆட ஒருத்தரும் சேராவிட்டாலும் ஃபிளெக்ஸ் வைத்தாக வேண்டும். ஒற்றுமை விழா அல்லவா, எல்லாக் கட்சிப் பிரமுகர்களின் படமும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒருவர் முகம் அரை அங்குலம் பெருத்தாலும் கும்மிக்கு முன்பே அடிதடி அரங்கேறிவிடும்.

அப்புறம் ஆசிரியரைப் பிடியுங்கள். கோயில் களத்தில் ராத்திரிப் பயிற்சி. மில் ஷிப்ட் முடித்தவர், மாட்டுக்குத் தீவனம் போட்டவர், பத்தாவது படிக்கிற அம்மிணி எல்லாரும் வருவார்கள். போன உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு பெண்கள் வட்டத்தில் அடுத்தடுத்து நிற்க நேரும். ஒருத்தி அடி தப்பினால் மற்றவள் மேல்தான் இடிப்பாள். பேசாமல் தீராது. "ஏனுங்கக்கா, வலது காலை முதல்ல வையுங்க" என்று பேச்சு ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் விழாக் குழு நடுவில் புகுந்து கெடுக்கக் கூடாது.

பொம்பளைகள் ஆடுவதா என்று பெரியவர் யாராவது முரண்டு பிடித்தால் பத்திரப்பன் பேரைச் சொல்லுங்கள். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைப் பழக்கியவர், நம் கோவை மாவட்டத்துக்காரர். 2024-இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். டெல்லியே ஒத்துக்கொண்டதைப் பெரியவர் தட்ட மாட்டார்.

இனிதான் சிக்கலான கட்டம். ஊர் ஒன்றாக வேண்டும், ஆனால் யாரும் கலந்துவிடக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது. ஆட வந்த பெண்களை நிறுத்தி, சொந்தச் சாதியில்தான் கல்யாணம் கட்டுவேன் என்று உறுதிமொழி எடுக்க வையுங்கள். நம் பக்கத்துக் கும்மி விழாவில் இப்படி நடந்து, காணொளியாக ஊரெல்லாம் பரவியது. என்ன, ஆடுகிற கதைதான் கொஞ்சம் இடிக்கும். தினைப்புனம் காத்த குறவர் வீட்டு வளர்ப்பு மகள் வள்ளிக்காக முருகன் வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவனாக நடித்து, அண்ணனை யானையாக வரவழைத்து, வளர்த்தவர்களுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போன கதை அது. இந்தக் களவு மணத்தை வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு அந்த உறுதிமொழியை எடுக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். யாராவது கேட்டால் "அது சாமி சமாச்சாரம்" என்று வாயை அடைத்துவிடலாம்.

உறுதிமொழி வேண்டாம் என்கிற குழுவுக்குச் செலவு குறைவு, வேலை அதிகம். எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை. முடியாதவர்களுக்குக் குழுவே எடுத்துக் கொடுக்கட்டும், மைக்கில் அறிவிக்காமல். பயிற்சி நேர டீ எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் போகட்டும். இரட்டைக் குவளை பார்த்த மண் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தெருக்காரர்களுக்குக் கோயில் வாசலே ஆகாது என்றால் களத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றுங்கள். அந்தத் தெருவை அரங்கேற்றத்தன்று கைதட்ட அழைப்பது வேண்டாம். முதல் நாள் பயிற்சிக்கே கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் போதாது, ஊர்ப் பெரியவர் தாம்பூலத் தட்டோடு நேரில் போகட்டும்.